தாயின் மனமும் சேயின் வளர்ச்சியும்



சிவகாசியில் அச்சாகும் நாட்காட்டிகளை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் அவை தொங்காத சுவர் அரிது. அவற்றுள் ஆண்டு தவறாமல் இடம்பெறும் படம் ஒன்று உண்டு. கொழுகொழுவென்ற குழந்தை பொக்கை வாய் திறந்து சிரிக்கும். சில படங்களில் தாயும் உடனிருப்பாள். அவளும் சிரித்துக்கொண்டேதான் இருப்பாள். பிள்ளை பெற்றவள் மகிழ்ந்திருப்பாள் என்பது நாம் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட செய்தி. அதனை ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்று எவருக்கும் எளிதில் தோன்றுவதில்லை. எனக்கும் நெடுங்காலம் தோன்றவில்லை.

ஆசிரியப் பயிற்சி நிறுவனத்தில் நான் பயின்ற நாளில் குழந்தை உளநூல் எங்களுக்கு ஒரு தனிப் பாடம். பிராபெல் கூறியது, மாண்டிசோரி அம்மையார் கண்டது, பியாஜே வகுத்தது என்று பக்கம் பக்கமாக எழுதித் தேர்வு பெற்றோம். குழந்தையின் மனம் எங்ஙனம் படிப்படியாக விரிகிறது என்பதை நன்றாகவே கற்றோம். அக்குழந்தையை மடியில் வைத்திருப்பவளின் மனம் எந்நிலையில் இருக்கிறது என்ற வினா மட்டும் எந்தத் தேர்வுத் தாளிலும் வந்ததாக எனக்கு நினைவில்லை. அவ்வினாவை எனக்கு முதலில் எழுப்பியவள் ஒரு நான்காம் வகுப்பு மாணவி.

1993ஆம் ஆண்டு. சிவகாசிக்கு அருகில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். அச்சிறுமி கணக்கில் கெட்டிக்காரி. முதலில் நேரம் கழித்து வந்தாள், பிறகு வாரத்தில் இரண்டு நாள் வந்தாள், பிறகு வரவேயில்லை. அந்நாளில் எங்கள் வட்டாரத்தில் பிள்ளை பள்ளிக்கு வரவில்லையென்றால் ஆசிரியர் மனத்தில் எழும் ஐயம் ஒன்றே. தீப்பெட்டி ஒட்டவோ குச்சி அடுக்கவோ அனுப்பிவிட்டார்கள் என்பதே அது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இலேயே வந்திருந்தும் அந்த ஐயம் பெரும்பாலும் மெய்யாகவே முடியும். ஆகவே வருகைப் பதிவேட்டையும் கையில் எடுத்துக்கொண்டு, நல்ல கோபத்தோடு அவள் வீட்டிற்குச் சென்றேன்.

ஒன்பது வயதுச் சிறுமி திண்ணையில் அமர்ந்து, ஐந்து மாதக் கைக்குழந்தைக்குக் கஞ்சித் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே தாய் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலை வாரிப் பல நாளாகியிருக்கும். "ஏம்மா, படிக்கிற பிள்ளையை வீட்டில் நிறுத்தலாமா?" என்றேன். அவள் மாமியார் வாசற்படியில் நின்றபடியே, "மூணாவதும் பொட்டப் பிள்ளையாப் போச்சுன்னு படுத்தவ சார், எந்திரிக்கவே மாட்டேங்கா" என்றார். நான் விடவில்லை. பெற்றவளின் கடமை என்ன என்பது பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். அந்த அம்மாள் திரும்பாமலே, "எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது சார்" என்றார். அவ்வளவுதான். புறப்படும்போது குழந்தையிடம் விரலை நீட்டினேன். அது விரலைப் பற்றவில்லை. என் முகத்தையும் நோக்கவில்லை. சிறுமி அதன் பின் பள்ளிக்குத் திரும்பவில்லை. பதிவேட்டில் "பெற்றோர் அக்கறையின்மை" என்று எழுதி வைத்தேன். அந்தக் கையெழுத்து என்னுடையதுதான்.

ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து, மருத்துவம் பயின்ற என் பழைய மாணவர் ஒருவர் ஓர் ஆய்வுக் கட்டுரையை எனக்குக் காட்டினார். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அறிஞர்கள், அந்நகரை அடுத்த கணியம்பாடி ஒன்றியத்துச் சிற்றூர்களில் நடத்திய ஆய்வு அது, 2002இல் வெளிவந்தது. கருவுற்ற இறுதி மாதங்களில் இருந்த 359 பெண்களைக் கண்டு பேசி, பிள்ளை பிறந்து 6 முதல் 12 வாரத்திற்குள் மீண்டும் அவர்களை ஆராய்ந்திருந்தார்கள். மகப்பேற்றிற்குப் பின் புதிதாக மனச்சோர்வு நோய்க்கு ஆளானவர் நூற்றுக்குப் பதினொருவர். கருவுற்ற காலத்திலேயே சோர்ந்திருந்தவர்கள் வேறு. எவர்க்கு இந்நோய் மிகுதியாக வந்தது என்றும் கணக்கிட்டிருந்தார்கள். வருவாய் குறைந்தவர்கள், மகனை எதிர்பார்த்த இடத்தில் மகளைப் பெற்றவர்கள், மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு சீர்கெட்டவர்கள், கருவுற்ற காலத்தில் துயர நிகழ்ச்சி எதற்கேனும் ஆளானவர்கள், வீட்டு வேலையில் கைகொடுக்க ஆளில்லாதவர்கள். அப்பட்டியலைப் படித்தபோது எனக்குத் திண்ணையும், வாசற்படியில் நின்ற மாமியாரும், சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அந்த அம்மாளும் ஒருசேரக் கண்முன் வந்தனர். நான் அக்கறையின்மை என்று எழுதியதற்கு மருத்துவ நூலில் வேறு பெயர் இருந்தது.

அந்நோய் இன்னதென்பதைச் சற்றே விளக்க வேண்டும். பிள்ளை பிறந்த சில நாட்களில் காரணமின்றிக் கண் கலங்குவதும், சட்டென்று சினம் வருவதும் பெரும்பாலான தாய்மார்க்கு உண்டு. இரண்டு வாரத்திற்குள் அது தானே அடங்கிவிடும், நோயன்று. அவ்வாறு அடங்காமல் வாரக்கணக்கில் நீடித்து, குழந்தை உறங்கும்போதும் தனக்கு உறக்கம் வராமல், உணவில் நாட்டம் இல்லாமல், எதிலும் விருப்பம் தோன்றாமல், "நான் தாயாக இருக்கத் தகுதியற்றவள்" என்ற எண்ணம் அரித்துக்கொண்டே இருந்தால் அது மனச்சோர்வு நோய். சிலர்க்குச் சாவைப் பற்றிய நினைவும் வரும். இவற்றிற்கு அப்பால் மூன்றாவது ஒன்று உண்டு. ஆயிரம் பேறுகளுக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற அளவில் அரிதாக வருவது. பிதற்றலும் பொய்க் காட்சிகளும் உடையது. முன்னோர் சன்னி என்றும், பேய்க் குற்றம் என்றும் கூறியவற்றுள் இதுவும் அடங்கும். இது வந்தால் மந்திரிப்பவரைத் தேடிப் பொழுது போக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

இரண்டாவதாகச் சொன்ன மனச்சோர்வே எண்ணிக்கையில் மிகுதி. அதுவே எளிதில் கண்ணுக்குப் படாததும் ஆகும். காய்ச்சல் போல் தொட்டுப் பார்த்து அறிய இயலாது. ஆகவே 1987இல் எடின்பரோ நகரத்தில் காக்ஸ் என்பவரும் அவருடைய துணைவர்களும் பத்து வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தார்கள். கடந்த ஏழு நாட்களில் தாயின் மனம் எப்படியிருந்தது என்று அவ்வினாக்கள் கேட்கின்றன. எழுதப் படிக்கத் தெரிந்தவள் சில நிமிடத்தில் விடையளித்துவிடலாம். அதன் தமிழ் வடிவமும் ஆராய்ந்து சரிபார்க்கப்பட்டுள்ளது. வினாக்கள் எளியவை, கேட்பதற்கு ஆள் வேண்டும் என்பதே குறை.

இனி, தாயின் மனச்சோர்வு சேயை எங்ஙனம் தாக்குகிறது என்று பார்ப்போம். நம் விருதுநகரில் பிறந்த காமராசர், பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று கண்டு, 1956இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். 1982இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்து, பள்ளிக்கு வராத சின்னஞ்சிறுவரையும் எட்டியது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. இவ்வளவு செய்த பின்னும் ஒரு வயது நிரம்பாத குழந்தை எந்தச் சத்துணவுக் கூடத்திற்கும் தானாக நடந்து வருவதில்லை. அரசு தரும் இணையுணவு மாவானாலும், தாய்ப்பாலானாலும், கஞ்சியானாலும் அதன் வாய்க்குச் செல்வது ஒருத்தியின் கை வழியாகவே. அந்தக் கையை எழுப்புவது அவள் மனம். ஐந்து மாதக் குழந்தைக்கு ஒரு நாளில் எத்தனை முறை பாலூட்ட வேண்டும், எத்தனை முறை துணி மாற்ற வேண்டும், எத்தனை முறை துப்பியதை மீண்டும் புகட்ட வேண்டும் என்று உங்கள் வீட்டில் எண்ணிப் பாருங்கள். அசையவே மனமில்லாதவள் இவற்றை எங்ஙனம் செய்வாள்?

கணியம்பாடி ஆய்வாளர்கள் இதனையும் ஆராய்ந்தார்கள். 2004இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், 6 முதல் 12 மாத வயதுடைய மெலிந்த குழந்தைகள் 72 பேரையும், அதே வயதும் பாலினமும் உடைய நல்ல எடையுள்ள குழந்தைகள் 72 பேரையும் ஒப்பிட்டனர். மெலிந்த குழந்தைகளின் தாய்மாருள் மனச்சோர்வு உடையவர் மிகுதியாக இருந்தனர்.

இங்கே கூரிய அறிவுடைய மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, குழந்தை மெலிந்ததைக் கண்டு தாய் சோர்ந்திருக்கலாம் அன்றோ?" என்று கேட்கலாம். மிக நல்ல வினா. வகுப்பில் இப்படிக் கேட்பவர்க்கு நான் கூடுதல் மதிப்பெண் தந்ததுண்டு. இரண்டு பொருள்கள் சேர்ந்தே காணப்பட்டால் எது காரணம், எது காரியம் என்பது அதனால் மட்டும் விளங்காது. இதற்கு விடை காண ஒரே வழி, தாயின் மனநிலையை முதலில் குறித்துக்கொண்டு, பிறகு குழந்தை எப்படி வளர்கிறது என்று காத்திருந்து பார்ப்பதாகும். கோவாவில் விக்ரம் பட்டேல் என்ற மனநல அறிஞரும் அவருடன் பணியாற்றியவர்களும் அவ்வாறே செய்தார்கள். பேறு முடிந்த 6 முதல் 8 வாரத்தில் தாய்மாருள் ஏறத்தாழ 23 விழுக்காட்டினர் மனச்சோர்வு உடையவராக இருந்தனர். அவர்களுடைய குழந்தைகளை ஆறாம் மாதத்தில் நிறுத்துப் பார்த்தபோது, மற்றக் குழந்தைகளைவிட எடை குறைந்தவர் அவர்களுள் மிகுதி என்று தெரிந்தது. இவ்வாய்வு 2003இல் வெளிவந்தது. அம்பு எந்தப் பக்கம் பாய்கிறது என்பது இதனால் ஓரளவு புலனாயிற்று. வறுமையிலிருந்து சோர்வும் மெலிவும் ஒருங்கே பிறக்கலாம் என்ற ஐயம் முற்றிலும் நீங்கிவிடாது. ஆயினும் தாயின் மனத்தை ஒதுக்கிவிட்டுச் சேயின் உடலைப் பற்றிப் பேசுவது இனி இயலாது.

உணவு மட்டும் அன்று. குழந்தை முகத்தையும் உண்கிறது என்று சொல்லலாம். எட்வர்டு டிரானிக் என்ற அமெரிக்க உளநூலறிஞர் 1978இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று புகழ் பெற்றது. தாய் தன் சில மாதக் குழந்தையின் எதிரே அமர்ந்து வழக்கம்போல் கொஞ்சுவாள். பிறகு, சில நிமிடம் முகத்தில் எவ்வுணர்ச்சியும் காட்டாமல், பேசாமல் குழந்தையை வெறுமனே நோக்கிக்கொண்டிருப்பாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், தனக்குத் தெரிந்த வித்தை எல்லாவற்றையும் செய்து தாயை மீட்டுக்கொள்ள முயலும். பயனில்லையென்று கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சில நிமிடச் சோதனைக்கே இப்படியென்றால், நோயினால் தாய்முகம் மாதக்கணக்கில் அவ்வாறே உறைந்திருந்தால் குழந்தை என்ன செய்யும்? 1993இல் என் விரலை நோக்காத அக்குழந்தை எனக்கு விடை கூறியிருந்தது. அப்போது அது எனக்கு விளங்கவில்லை.

நம் பாட்டிமார் இதனை உளநூல் படிக்காமலே அறிந்திருந்தனர் போலும். தாலாட்டு என்பது என்ன? முகம் பார்த்து, குரல் கொடுத்து, குழந்தையின் அசைவிற்கு ஏற்பத் தாளம் மாற்றுவது. முதற்பேற்றிற்குத் தாய்வீடு அனுப்பும் வழக்கமும், பத்தியமும், பிள்ளை பெற்றவளைச் சில வாரம் வேலையில் விடாத கட்டுப்பாடும், உடலுழைப்பில் கைகொடுக்க ஆளில்லாமையே நோய்க்கு ஒரு காரணம் என்று கணியம்பாடியில் கண்டதற்கு முன்னரே ஏற்பட்ட மருந்துகள். ஆனால் வழக்கத்தை அளவுக்கு மீறிப் புகழவும் வேண்டா. பெற்றோரோடு உறவு கெட்டிருந்தவர்க்கும் நோய் வந்தது என்று அதே ஆய்வு கூறுகிறது. தாய்வீடு இருந்தால் போதாது; அங்கே அவளுக்கு இடம் இருக்க வேண்டும்.

இதுவரை தாயைப் பற்றியே பேசினேன். தந்தைக்கு இதில் பங்கில்லை என்று எவரும் எண்ணிவிட வேண்டா. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரை ஒட்டிய பகுதியில் 1991, 1992 ஆண்டுகளில் பிறந்த பல்லாயிரம் குழந்தைகளைப் பின்தொடர்ந்து வரும் பேராய்வு ஒன்று உள்ளது. பிள்ளை பிறந்த எட்டாம் வாரத்தில் தந்தை மனச்சோர்வுற்றிருந்தால், அப்பிள்ளை மூன்றரை வயதில் நடத்தைக் கோளாறுகள் உடையதாக இருக்கும் வாய்ப்பு மிகுதி என்று அதிலிருந்து 2005இல் கண்டறிந்தார்கள். ஆண்மகன் சோர்ந்தால் நம்மூரில் அதனைச் சோர்வு என்று சொல்வதில்லை. குடி என்றும் கோபம் என்றும் சொல்கிறோம்.

விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர்களில் விடியற்காலையில் ஆலை வண்டி வந்து நிற்பதை நீங்கள் அறிவீர்கள். வண்டியில் ஏறும் பெண்களுள் கைக்குழந்தை உடையவர் பலர். எண்ணிக்கைக்குக் கூலி, எத்தனை சரம் பின்னினாய், எத்தனை குச்சி அடுக்கினாய் என்பதே கணக்கு. பாலூட்ட எழுந்தால் அந்நேரத்துக் கூலி போயிற்று. அதற்கு மேல் அச்சம் ஒன்று உண்டு. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன்னும் பின்னும் வேறு பல விபத்துகள். கணவன் வேலைக்குச் சென்ற வீட்டில், தொலைவில் ஓர் ஓசை கேட்டால் பெண்கள் தெருவிற்கு ஓடி வந்து வானத்தில் புகை தெரிகிறதா என்று பார்ப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பேரிய உப்புக் கலந்த வெடிகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்த பின்னர் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. தடையின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. அம்மாதங்களில் பிள்ளை பெற்றவளின் நிலையை மட்டும் நினைத்துப் பாருங்கள். வருவாய்க் குறைவு, துயர நிகழ்ச்சி, துணையின்மை ஆகிய கணியம்பாடிப் பட்டியலின் உறுப்புகள் யாவும் இங்கே வாழ்க்கையின் உறுப்புகளாகவே உள்ளன.

சட்டம் இதனை முற்றிலும் மறந்துவிடவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே, பெண்கள் பலர் பணிபுரியும் ஆலையில் ஆறு வயதிற்குட்பட்ட அவர்களுடைய பிள்ளைகளுக்குக் காப்பகம் அமைக்க வேண்டும் என்று விதித்தது. முதலில் ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் என்றிருந்த எல்லையை 1976இல் முப்பதாகக் குறைத்தார்கள். ஆனால் வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டியவளுக்கு அச்சட்டம் எந்தக் காப்பகத்தைத் தந்தது?

இந்நோய் தீரக்கூடியதா என்று கேட்பீர்கள். தீரக்கூடியது. அதுவும் பெரிய மருத்துவர் இல்லாமலே பெருமளவு தீரக்கூடியது என்பதற்குச் சான்று, பாகிசுத்தானில் இராவல்பிண்டியைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து வந்தது. ஆதிப் ரகுமான் என்ற மருத்துவ அறிஞர், நம்மூர்க் கிராம சுகாதாரச் செவிலியரைப் போன்ற ஊர்ப்புற நலப் பணிப்பெண்களுக்குப் பயிற்சியளித்தார். அவர்கள் கருவுற்ற இறுதி மாதம் தொடங்கிக் குழந்தைக்கு ஓராண்டு நெருங்கும்வரை பதினாறு முறை தாயின் வீட்டிற்குச் சென்றனர். "உனக்கு மனநோய்" என்று சொல்லிக்கொண்டு சென்றால் எந்த மாமியார் உள்ளே விடுவார்? ஆகவே குழந்தையின் நலத்தைப் பற்றிப் பேசவே வந்தோம் என்றனர். வீட்டார் எல்லோரும் அமர்ந்து கேட்டனர். தாயின் உள்ளத்தில் ஊறிய தீய எண்ணத்தை அடையாளம் காண்பது, அதற்குப் பதிலாக நல்லதோர் எண்ணத்தை வைப்பது, அதனைச் சிறு செயலாகச் செய்து பழகுவது என்பதே அவர்கள் முறை. எடுத்துக்காட்டாக, "நான் என்ன செய்தாலும் இப்பிள்ளை தேறாது" என்றிருப்பவளை, இன்று ஒரு வேளை பிள்ளையோடு பத்து நிமிடம் விளையாடச் செய்வது.

மனச்சோர்வுற்ற 903 பெண்களைக் கொண்ட இந்த ஆய்வின் முடிவு 2008இல் வெளிவந்தது. குழந்தைக்கு ஆறு மாதமான போது, இவ்வுதவி பெற்றவருள் 23 விழுக்காட்டினரே நோயோடு இருந்தனர். பணிப்பெண்கள் வழக்கமான முறையில் மட்டும் வந்து சென்ற ஊர்களில் 53 விழுக்காட்டினர் இருந்தனர். உதவி பெற்ற தாய்மாரின் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்குக் குறைந்தது. தடுப்பூசி முறையாகப் போடப்பட்டது. தாயும் தந்தையும் குழந்தையோடு விளையாடும் நேரம் கூடியது. ஆனால் குழந்தைகளின் எடையிலும் உயரத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏற்படவில்லை. இதனை நான் மறைக்கக் கூடாது. மனம் தேறினால் மட்டும் மெலிந்த குழந்தை பருத்துவிடாது. சோறும் வேண்டும், நல்ல தண்ணீரும் வேண்டும். எனினும் ஒரு தாய் எழுந்து உட்கார்ந்தாள் என்பதே பெரும் பயனன்றோ? அவள் குழந்தைக்குத் தாய் என்பதற்காக மட்டும் அவள் நலம் பெற வேண்டும் என்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் சிவகாசிப் பேருந்து நிலையத்தில் ஒரு பெண் என்னை நிறுத்தி வணங்கினாள். அவள்தான் அந்த நான்காம் வகுப்பு மாணவி. இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகியிருந்தாள். தங்கையைத் தானே வளர்த்ததாகச் சொன்னாள். அவளுடைய தாய், ஓராண்டுக்குப் பின் சிறிது சிறிதாகத் தேறினாராம். ஒருவரும் மருத்துவம் பார்க்கவில்லை. நான் அன்று பேசியதற்கு வருந்துவதாகக் கூறி, அது சோம்பல் அன்று, மகப்பேற்று மனச்சோர்வு என்ற நோய் என்றேன். அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். "அதுக்குப் பேரு இருக்கா சார்? எங்க அப்பத்தா செத்துப்போற வரைக்கும் அம்மாவைச் சோம்பேறின்னுதான் சொல்லுச்சு" என்றாள்.

உங்களுள் சிலர் வீட்டிலும் இப்படியொரு தாயோ, அக்காளோ, மதினியோ இருக்கக்கூடும். படிப்பை விட்டுத் தங்கையைத் தூக்கி வைத்திருப்பவரும் உங்களுள் இருக்கக்கூடும். அவ்வாறிருந்தால் உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். ஆசிரியர் என்னைப்போல் பதிவேட்டோடு வந்தால், கிராம சுகாதாரச் செவிலியரிடமோ அங்கன்வாடிப் பணியாளரிடமோ சொல்லுங்கள். 14416 என்பது மனநல உதவிக்காக நடுவண் அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய கட்டணமில்லாத் தொலைபேசி எண்; இரவும் பகலும் இயங்குவது; தமிழிலேயே பேசலாம். மருத்துவமனையில் சேர்த்தால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்ற அச்சம் பல தாய்மாரைத் தடுக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மூன்று வயதிற்குட்பட்ட குழந்தையை மனநல நிலையத்தில் தங்கியிருக்கும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கலாகாது என்று விதிக்கிறது. தாயின் நோயினால் குழந்தைக்குத் தீங்கு நேரும் என்றால் மட்டுமே தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும் மேற்பார்வையோடு தாய் குழந்தையைக் காணலாம். பெங்களூரு தேசிய மனநல நிறுவனத்தில் தாயும் சேயும் ஒன்றாகத் தங்கிச் சிகிச்சை பெறும் தனிப்பிரிவு 2009 முதல் இயங்கி வருகிறது. வீட்டுப் பெரியவர்கள் தயங்கினால் இச்செய்தியை முதலில் அவர்களிடம் சொல்லுங்கள்.